ஆரணியைப் படித்தவர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரையில் 'சமூக அறிவியல்' என்ற ஒரே அட்டைக்குள் வரலாறும் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் இடம் பெற்றிருக்க, மனிதர் கூடி வாழும் முறையையே தனக்குரிய விஷயமாகக் கொண்ட சமூகவியல் மட்டும் அந்த அட்டைக்குள் தன் பெயரோடு வந்து சேரவில்லை. மத்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மாணாக்கர் பதினொன்றாம் வகுப்பில்தான் அதை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அதுவும் எல்லாப் பள்ளிகளும் வழங்கும் பாடமன்று. 2006-இல் அந்த வகுப்புக்கென வெளியான பாடநூலைப் புரட்டினால் மார்க்ஸ், துர்கைம், வெபர் என்ற ஐரோப்பியப் பேராசான்கள் முதலில் வருகிறார்கள்; பிறகு அனந்தகிருஷ்ண ஐயரும், சரத் சந்திர ராயும், கூர்யேயும், எம். என். ஸ்ரீநிவாஸும் வருகிறார்கள். இவற்றையெல்லாம் படித்து முடிக்கும் ஆரணிப் பட்டணத்து நெசவாளி வீட்டுப் பெண்ணொருத்தி, இந்த சாஸ்திரம் பாரிஸிலே பிறந்து பம்பாயிலே வளர்ந்து டில்லியிலே அச்சாகித் தன்னிடம் வந்து சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டால் அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அவள் ஊரைச் சுற்றிலுமுள்ள வட ஆற்காட்டுப் பிரதேசத்திலே சமூக ஆராய்ச்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு என்பதும், அதைத் தொடங்கி வைத்தவர்கள் அவளைவிடச் சில வயதே மூத்த மாணாக்கர்கள் என்பதும், அவளுடைய பட்டணமே உலகில் மிக நெடுங்காலம் தொடர்ந்து ஆராயப்பட்ட சிறு பட்டணங்களுள் ஒன்று என்பதும் சொல்லத்தக்க விஷயங்கள்.

1915-இல் சென்னைச் சர்வகலாசாலை, இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி, ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென நடந்து வந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவரை அதற்கு நியமித்தது. வந்து சேர்ந்த ஸ்லேட்டருக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் பற்றி எழுதிய புத்தகங்களை இந்திய மாணாக்கர்கள் மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பிப்பார்கள். தங்கள் ஊரில் ஒரு காணி நிலம் என்ன குத்தகைக்குப் போகிறது என்று கேட்டாலோ, வீட்டுக்குக் கடிதம் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் கற்பிக்க வந்தவர், ஊரைப் பற்றிய பாடத்தை மாணாக்கரிடமிருந்தே கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். நீண்டதொரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து, 1916-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போகிற மாணாக்கர் கையில் அதைக் கொடுத்தனுப்பினார். வீடுகள் எத்தனை, எந்தெந்த ஜாதியார் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது, உழுகிறவன் யார், கூலி நெல்லாகவா ரொக்கமாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன, மாடுகள் எத்தனை, ஒரு குடும்பம் உண்பது என்ன என்ற வகையில் அமைந்த அக்கேள்விகளுக்கு அம்மாணாக்கர்கள் கொண்டுவந்த விடைகளைத் தொகுத்து, 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்பில் 1918-இல் ஸ்லேட்டர் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் இடம் பெற்ற கிராமங்களுள் ஒன்று தூசி.

தூசி என்பது காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றின் மறுகரையில், செய்யாற்றுப் பக்கத்து ஊர்; அந்நாளில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பக்கத்திலே மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளும் பெரிய ஏரியும் கொண்ட மாமண்டூர் இருப்பதால், கல்வெட்டுத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. ஆனால் பல்லவ மன்னனைத் தேடிப் போகாமல், அந்த ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு யார் திருப்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு மாணாக்கர் நடந்ததுதான் தூசியைப் பொருளாதாரப் புத்தகங்களில் நிலைபெறச் செய்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936-37-இல், பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்பவும் ஆட்களை அனுப்பி, அதே கேள்விகளைக் கேட்கச் செய்தார்கள்; அந்த மறு ஆய்வு 1940-இல் புத்தகமாக வெளிவந்தது. அதற்கும் பின்னால், மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் அவருடைய சகாக்களும் 1980-களில் தூசிக்கும், தென்னாற்காட்டு இருவேல்பட்டுக்கும் போனார்கள். இருவேல்பட்டுக்கு மறுபடியும் 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் போய்வந்தார்கள். விடுமுறைக் காலத்து வீட்டுப்பாடமாகத் தொடங்கிய காரியமொன்று, ஒரே கிராமத்தைத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆவணமாக வளர்ந்திருக்கிறது. எத்தனையோ கமிஷன்களின் அறிக்கைகள் செல்லரித்துப் போக, மாணாக்கர் எழுதிய இக்குறிப்புகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

இந்தக் காரியத்தின் அருமை, இதற்கு முன் நடந்தவற்றோடு ஒப்பிட்டால்தான் புலப்படும். 1871 முதலே ஜனத்தொகைக் கணக்கில் இவ்வூர்களின் ஜாதிகள் எண்ணப்பட்டு வந்தன. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், 1899-இல் சென்னை மாகாணத்துப் பட்டு நெசவைப் பற்றித் தனிநூல் ஒன்று எழுதினார், 1909-இல் கே. ரங்காசாரியின் துணையோடு தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் அரிய செய்திகள் மலிந்து கிடக்கின்றன என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்தால் மனிதனின் குலத்தை அறிந்துவிடலாம் என்று நம்பியவர் அவர். அளக்கப்படுகிறவனிடம் அவன் கூலி என்ன, அவன் கடன் என்ன என்று கேட்கும் வழக்கம் அந்தச் சாஸ்திரத்துக்கு இல்லை. ஸ்லேட்டரின் மாணாக்கரோ தம் சொந்த ஊரில், தம் தகப்பனாரின் குத்தகைக்காரனிடமும் பண்ணையாளிடமும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இருவேல்பட்டுக் குறிப்பில், கலியாணச் செலவுக்காக வாங்கிய சிறு தொகையை அடைக்க முடியாமல் தகப்பன் விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்து அதே பண்ணையில் உழைத்து வந்த படியாட்களின் நிலைமை பதிவாகியிருக்கிறது. உள்ளூர்ப் பெரிய மனிதர் யாருக்கும் அதைப் படித்துச் சந்தோஷம் உண்டாகியிராது.

ஆரணிக்கு வருவோம். கமண்டல நாக நதிக்கரையிலுள்ள இந்தப் பட்டணத்தைச் சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் யுத்தகளமாகவே அறிந்திருக்கின்றன: 1751-இன் இறுதியில் கிளைவ் இங்கே ஒரு சண்டையை வென்றார், 1782 ஜூனில் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஷாஜி போன்ஸ்லேயின் காலத்தில் ஏற்பட்ட மராத்திய ஜாகீர் ஒன்றின் தலைநகராகவும் இது விளங்கியது. கோட்டையின் மிச்சமும், சத்திய விஜய நகரத்து அரண்மனையும் அதற்குச் சான்று. ஆனால் இந்தப் பட்டணத்தை உயிரோடு வைத்திருந்தது ஜாகீர்தாரின் கஜானா அன்று, தறிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி சீமை வியாபாரிகள் வரையில் பெயர் பெற்றிருந்தது. மான்செஸ்டர் துணி வந்து பருத்தி நெசவின் பிழைப்பைக் கெடுத்த பின்னர் பட்டு தலையெடுத்தது. காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைந்து, விலையும் சற்று இறங்கி, நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டுவதாக அமைந்ததே ஆரணிப் பட்டின் சாமர்த்தியம். செங்குந்தரும் சௌராஷ்டிரரும் இவ்விடத்து நெசவில் முக்கியமானவர்கள். இருவருக்கும் தனித்தனித் தெருக்களும் கோயில்களும் உண்டு. ஒருவர் வீட்டில் தமிழ். மற்றவர் வீட்டில், குஜராத் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளாக நடந்து வந்த ஒரு பாஷை. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்து சேர்ந்தாலும், அவற்றைச் சேலையாக்குகிற வித்தை இந்த வீடுகளுக்குள்ளேதான் இருந்தது.

அந்த வித்தையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நம் விஷயத்துக்கு அவசியம். குழித்தறியில் நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிட, நாடா ஊடையை இழுத்துக்கொண்டு குறுக்கே பாய்கிறது. பலகை அதை அடித்து நெருக்குகிறது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையானால் ஒருவர் கை போதாது. கரைக்கென்று தனி நாடா உண்டு. அதை ஒவ்வொரு வரிசையிலும் வாங்கித் திருப்பி எறிவதற்கு நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் நெடுங்காலமாக ஒரு குழந்தையாகவே இருந்து வந்தார். கூடத்தின் மறுபுறத்தில் வீட்டுப் பெண்கள் இராட்டையில் தார் சுற்றுகிறார்கள். பாவு முடிந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழையதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இவ்வளவு பேர் உழைப்புக்கும் கூலி ஒரே கணக்கு: சேலைக்கு இவ்வளவு. கூலிச் சீட்டிலே ஒரே பெயர்: தறிக்காரர் பெயர். மாணாக்கர் பாடநூலிலே 'குடும்ப உழைப்பு', 'பால்வழி வேலைப் பிரிவினை', 'கூலியற்ற உழைப்பு' என்று தனித்தனித் தலைப்புகளில் படிப்பதெல்லாம் இந்தக் கூடத்தில் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கூடத்துக்கும் இடையே நடந்த வழக்கு நீண்டது. சென்னை மாகாணத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் திட்டம் 1911-இல் வந்தது. ஆனால் நெசவாளி வீட்டுப் பிள்ளைகளில் அந்தச் சான்றிதழ் வரைக்கும் போனவர்கள் மிகச் சிலரே. நாடாவைத் திருப்பும் கை ஐந்தாம் வகுப்போடு வீடு திரும்பிவிடும். சுதந்திரத்துக்குப் பின், சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, சரித்திரம், பூகோளம், குடிமைப் பயிற்சி ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்துச் 'சமூகப் பாடம்' என்று மாணாக்கர் யாவருக்கும் பொதுவாக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதே மூச்சில், யாவரும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்றும் சொன்னது. அத்தொழில்களின் பட்டியலில் நூற்பும் நெசவும் இருந்தன. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு நெசவு ஒரு பாடம். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்தை விடச் செய்யும் காரணம். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. தறிக்குழியில் உட்கார்ந்தவர்கள் அல்லர் என்பதுதான் குறை.

1953-இல் ராஜாஜி அரசாங்கம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது: பாதி நாள் பள்ளி, மீதி நேரம் தாய் தகப்பனின் தொழிலை வீட்டில் பழகுவது. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே நின்றது. விந்தை என்னவெனில், கைத்தறிக்காகப் பரிந்து பேசியவரும் அதே ராஜாஜிதான். வேஷ்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று அவர் மத்திய அரசாங்கத்தோடு வாதாடினார். அதே 1953-இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர்கள் அண்ணாதுரையும் அவருடைய கட்சியாரும். நெசவாளிக்கு உதவ வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. நெசவாளியின் மகன் நெசவாளியாகவே இருக்க வேண்டுமா என்பதில்தான் பிளவு. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும், கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அந்தத் திட்டத்தை விலக்கிக்கொண்டார். அதன் பின்னர் வந்த மதிய உணவும் இலவசக் கல்வியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. என் அபிப்பிராயத்தில், தமிழ்நாட்டில் பொதுஜனங்கள் ஒரு சமூகவியல் பிரச்னையைத் தெருவில் நின்று விவாதித்த சந்தர்ப்பங்களுள் இதற்கு ஈடு அதிகம் இல்லை. பிறப்பும் தொழிலும் எவ்வளவு தூரம் சேர்ந்து போக வேண்டும் என்ற கேள்வியை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாக எழுப்பியதில்லை.

திட்டம் விலகினாலும் தறியின் பக்கத்திலிருந்த குழந்தை உடனே விலகிவிடவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் வீட்டிலே குடும்பத்தாருக்கு உதவியாகச் செய்யும் வேலையை அது விட்டுவிட்டது. வீடே தொழிற்சாலையாக இருக்கும் ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் இந்த விலக்கு எத்தகைய வாசலைத் திறந்து வைத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையைப் பிறர் தறிக்கு அனுப்பிய குடும்பங்களும் இருந்தன. 1990-களில் பட்டு நெசவிலிருந்த பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிபட, விடுவிக்கப்பட்டவர்களுக்கெனத் தனிப்பள்ளிகள் ஏற்பட்டன. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் பெரியவர்களே உட்காருகிறார்கள். அல்லது கோர்வையைத் தவிர்த்துவிட்டு ஒருவரே நெய்யக்கூடிய சேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

இதற்கிடையில், 1970-களின் தொடக்கத்தில், ஆரணிக்கு எதிர்பாராத விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். புதிய நெல் ரகங்கள் விவசாயிகளின் வாழ்க்கையை எப்படி மாற்றின என்று ஆராயக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பி. எச். ஃபார்மர் என்ற பூகோள அறிஞர் ஒரு குழுவை அமைத்து, வட ஆற்காட்டுக் கிராமங்களையும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியையும் சேர்த்து ஆராயச் செய்தார். அதன் விளைவான 'பசுமைப் புரட்சி?' என்ற புத்தகம், தலைப்பிலே கேள்விக்குறியோடு, 1977-இல் வந்தது. அந்தக் குழுவிலிருந்த ஜான் ஹாரிஸ் ராந்தம் என்ற கிராமத்தை ஆராய்ந்து 1982-இல் தனி நூல் வெளியிட்டார். பார்பரா ஹாரிஸ், பிற்காலத்தில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்று அறியப்பட்டவர், நெல் வியாபாரத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆரணிப் பட்டணத்துக்கே வந்துவிட்டார். நெல் ஆலைகளுக்கும் அரிசி மண்டிகளுக்கும் பெயர் போன ஊரில் அந்தத் தடம் வேறெங்கும் போயிருக்க முடியாது. 1973-இல் பட்டணத்து வியாபார ஸ்தாபனங்களைக் கணக்கெடுத்தவர், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து அதே காரியத்தைச் செய்தார். நாற்பது ஆண்டு மாறுதல்களை ஒருங்கு திரட்டிய புத்தகம் 2016-இல் வெளியாயிற்று. ஆரணியின் அரிசி மண்டியும் அடகுக்கடையும் பட்டு முதலாளியும் வேலைக்காரர் சங்கமும், ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து இந்தியாவைப் படிக்கும் மாணாக்கனுக்குப் பரிச்சயமான விஷயங்களாகிவிட்டன.

அவர் கண்ட விஷயங்களுள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தப் பட்டணத்தின் வியாபாரம் சட்டப் புத்தகத்தின்படி நடப்பதைவிட, ஜாதிச் சங்கங்களும் தொழிற் சங்கங்களும் வகுத்துக்கொண்ட ஒழுங்கின்படியே பெரிதும் நடக்கிறது என்பது. நவீனப் பொருளாதாரம் வளர வளர ஜாதி தானே கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அது சங்கத்தின் வேஷம் பூண்டு விலையையும் கூலியையும் தகராறையும் நிர்வகிப்பதை ஆரணி காட்டிற்று. மற்றொன்று, பட்டுத்தறி பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்குள் புகுந்தது. நேசல் முதலான சுற்றுவட்டாரக் கிராமங்களில், முன்பு நெசவே அறியாத விவசாயக் குடும்பங்கள் தறி போட்டன. ஆரணி முதலாளிகள் பட்டும் சரிகையும் முன்பணமும் கொடுத்தனுப்பினார்கள். 1997-இல் எஸ். ஜனகராஜனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையொன்றில் இம்மாறுதலை அவர் விவரித்து, பசுமைப் புரட்சியைத் தொடர்ந்து வந்த கிராமியத் தொழிற்புரட்சி என்று அதற்குப் பெயரிட்டார். பரம்பரை வித்தை என்று சொல்லப்பட்டது, முன்பணம் கிடைத்தால் பரம்பரையில்லாதவரும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான் என்பது இதனால் விளங்கிற்று. குலமும் தொழிலும் பிரியாதவை என்று வாதிட்டவர்களுக்கு ஆரணிக் கிராமங்கள் தந்த பதில் அது.

முன்பணம் என்ற இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. தறிக்காரர் முதலாளியிடம் ஒரு தொகை வாங்குகிறார், வட்டி கிடையாது, அது தீரும் வரையில் அவருக்கே நெய்ய வேண்டும். கலியாணம், வைத்தியம், பிள்ளை படிப்பு என்று தொகை ஏறுமே தவிர இறங்குவது அரிது. ஸ்லேட்டரின் மாணாக்கர் எழுதி வைத்த படியாளின் கலியாணக் கடனுக்கும் இதற்கும் உறவு உண்டா? உண்டு, ஆனால் அப்படியே ஒன்றன்று. வேறொரு முதலாளி அந்தத் தொகையைப் பழைய முதலாளியிடம் கட்டிவிட்டுத் தறிக்காரரைத் தன் பக்கம் அழைத்துக்கொள்ளலாம்; சேலைக்கு நல்ல கிராக்கி இருக்கும் காலத்தில் தறிக்காரர் அதைச் சொல்லியே பெரிய தொகை கேட்கலாம். கிராக்கி குறைந்தால் அதே தொகை விலங்காகிவிடும். கூட்டுறவுச் சங்கங்கள் இந்தப் பிடியைத் தளர்த்துவதற்காகவே தோன்றின. கோ-ஆப்டெக்ஸ் 1935-இலேயே ஏற்பட்டது. எனினும் சங்கம் கொடுக்காத அவசரப் பணத்தை நள்ளிரவில் கொடுப்பவர் முதலாளிதான் என்பதால், இரண்டு ஏற்பாடுகளும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நடந்து வந்திருக்கின்றன. பொருளாதாரம் இதைக் கடன் என்று பதிந்துகொண்டு போய்விடும். யாருக்கு யார் கட்டுப்பட்டவர், எப்போது அந்தக் கட்டு உறவாகிறது, எப்போது அடிமைத்தனமாகிறது என்று கேட்பதற்குத்தான் சமூகவியல் தேவைப்படுகிறது.

சொந்த ஊரை ஆராய்வது சுலபம் என்று நினைப்பது பிழை. தஞ்சை ஜில்லாக் கிராமமொன்றை 1961-62-இல் ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயரிட்டு 1965-இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதிய ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரத்தில் தங்கியிருந்த காரணத்தாலேயே ஆதிதிராவிடர் தெருவில் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். எந்த வீட்டில் சாப்பிடுகிறோமோ அந்த வீட்டின் கண்ணால்தான் ஊர் தெரியும். வங்காளத்திலிருந்து வந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஆரணியிலேயே பிறந்து வளர்ந்த மாணாக்கி எந்தத் தெருவுக்குள் நோட்டுப் புத்தகத்தோடு போகலாம், எந்தத் தெருவில் 'யார் வீட்டுப் பெண் நீ?' என்ற கேள்வி முதலில் வரும் என்பதை அவள் யாரும் சொல்லாமலே அறிவாள். மறுபுறம், வெளியூரார் பத்து மாதம் தங்கிக் கேட்டறிய வேண்டியது அவளுக்குப் பேச்சு வாக்கில் தெரிந்திருக்கும்: எந்த முதலாளி கூலியைத் தாமதிப்பார், எந்தத் தெருவில் தறி நின்று செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கிறது, அண்ணன் ஏன் தறிக்குழியில் இறங்க மறுத்தான், நெசவாளி மாப்பிள்ளை என்றால் ஏன் பெண் வீட்டார் தயங்குகிறார்கள் என்பவையெல்லாம்.

இப்போதைய மத்தியப் பாடத்திட்டத்தில் சமூகவியலின் நூறு மதிப்பெண்களில் இருபது, மாணாக்கர் தாமே செய்யும் செயற்பணிக்கு உரியவை. அந்தப் பாடநூல்களும் ஒவ்வோர் அத்தியாயத்திலும், உன் ஊரில் விசாரித்து எழுது என்று சிறு பெட்டிகளில் கேட்டுக்கொண்டேயிருக்கின்றன. பரீட்சை நெருங்கும்போது அப்பெட்டிகளைத் தாண்டிப் போவது வழக்கம். வலைத்தளத்திலிருந்து நகலெடுத்த பக்கங்களுக்கும் அதே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும். ஆரணிப் பெண்ணொருத்தி மனம் வைத்தால் அந்த இருபது மதிப்பெண்ணுக்குத் தூரம் போக வேண்டாம். வீட்டுத் தறி எந்த ஆண்டு போட்டது, பாட்டி தார் சுற்றத் தொடங்கியபோது அவளுக்கு என்ன வயது, முன்பணம் முதலில் எவ்வளவு, இன்று எவ்வளவு, கோர்வை நாடாவைத் திருப்பியவர்கள் யார் யார், அவர்கள் எந்த வகுப்போடு பள்ளியை விட்டார்கள், ஒரு சேலைக்குக் குடும்பத்தார் அனைவரும் செலவிட்ட மணிகளைக் கூட்டிக் கூலியை அதனால் வகுத்தால் வருவது என்ன: இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற விசாரணை. 1916-இல் விடுமுறைக்கு ஊர் போன மாணாக்கர்கள் கேட்டவற்றிலிருந்து இவை அதிகம் வேறுபட்டவையல்ல. அவர்கள் எதிர்கொண்ட தர்மசங்கடமும் அவளுக்கு உண்டு: எழுதி முடித்த நோட்டை முதலில் அப்பாவிடம் காட்டுவதா, நேரே ஆசிரியரிடம் கொடுத்துவிடுவதா என்பதை அவளேதான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.